செப்டம்பரில் வெள்ளைச் செருப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

மேரி டெல் எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? அலபாமாவில் இன்னும் வெயில் தணியவில்லையாமே. நியூயார்க்கில் எனக்கு ஒரு குறையுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

கல்லூரியின் கடைசி வருடத்தில் இந்த ஃபேஷன் பத்திரிகையில் பயிற்சிக்கு இடம் கிடைத்ததைச் சர்ச்சில் எழுந்து நின்று சொன்னீர்கள். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை.

போன வாரம் அலுவலகத்தில் இலையுதிர்கால விருந்து. எல்லோரையும் வெள்ளை உடையில் வரச் சொன்னார்கள். விளையாட்டென்று நினைத்துப் பழுப்பு உடையில் போனேன். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை கழிந்தால் ஈஸ்டர் வரை வெள்ளையைத் தொடக்கூடாது என்றுதானே என்னை வளர்த்தீர்கள்? பத்திரிகையின் ஆசிரியர் விவியன் காரணம் கேட்டார், அதையே சொன்னேன்.

"இதையெல்லாம் யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"எங்கம்மா, மேடம்."

"அவங்க எந்தக் காலத்துப் பத்திரிகை படிக்கிறாங்க?"

"உங்களோடதைத்தான். இருபது வருஷமா."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு விருந்தாளிகளின் கோட்டுகளை வாங்கி மாட்ட என்னை வாசலில் நிறுத்தினார்கள். அந்த வேலைக்குப் பழுப்பு நிறம் பொருத்தமாகவே இருந்தது.

கொஞ்சம் வறுத்த பெக்கன் கொட்டை அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் ருசியே இல்லை, பங்கு போடவும் ஆளில்லை. கூடவே என் வெள்ளைச் செருப்பையும் அனுப்புங்கள். செருப்பு எங்கே என்று சர்ச்சில் யாராவது கேட்டால் தானம் கொடுத்துவிட்டதாகச் சொல்லுங்கள்.

மதிய இடைவேளை முடிகிறது, கூப்பிடுகிறார்கள். பெட்டிக்குள் செருப்பு ஆடாமலிருக்க, என்னை ஒரு தாள்கூடக் கிழிக்க விடாமல் நீங்கள் அடுக்கி வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைக் கிழித்துத் திணியுங்கள்.

உங்கள்
மேரி டெல்