மிசோ சூப்பில் கடுகு

ஜூலை 7, திங்கள்

இன்றும் தாமரை சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் கார்ட்டூன் ஜப்பான்காரர்கள் கத்துகிறார்கள். இந்தப் பக்கம் நானும் ராஜனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ரசஞ்சோறு சாப்பிடுகிறோம்.

இவரைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்து எட்டு மாதம். இவர் மகள் என்னை இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் இருமுவாள், நான் திரும்பிப் பார்க்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு இருமலா?

"அவ அம்மா போய் மூணு வருஷந்தானே ஆச்சு. விடு வாணி, தானா வருவா" என்கிறார். இந்த வீட்டில் எது தானாக வந்திருக்கிறது? பால்கூட நான் போய்த்தான் வாங்குகிறேன்.

ஜூலை 9, புதன்

துணி வைக்கும் சாக்கில் அவள் பார்க்கும் அந்த அனிமே கார்ட்டூனை எட்டிப் பார்த்தேன். ஒருத்தி ஆவி பறக்க சூப் வைக்கிறாள், தாமரை வாயைப் பிளந்து பார்க்கிறாள். என் சாம்பாரை ஒருநாளாவது இப்படிப் பார்த்திருப்பாளா?

"என்ன சூப் அது?"

"மிசோ."

போதும் எனக்கு.

ஜூலை 11, வெள்ளி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்ததும், வெள்ளிக்கிழமையாச்சே என்று மீன் கலக்காத மிசோ சோயா விழுதாகத் தேடி வாங்கி வந்தேன். டோஃபு, கடற்பாசி, எல்லாம் படத்தில் வந்த மாதிரியே. இறக்குகிற நேரத்தில் என் கை இருக்கிறதே — அது பாட்டுக்குப் போய் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிவிட்டது!

வாசனைக்கு அறைக்கதவு படாரென்று திறந்தது. "ஐயோ! மிசோவுக்கு யாராச்சும் தாளிப்பாங்களா லா?"

என்னிடம் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. ஆனால் ஒரு வாய் குடிக்கவில்லை. ராஜன் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "ரசம் நல்லாருக்கு" என்றார்.

அழுகையா வருது. எனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்? போதும்டி வாணி.

ஜூலை 14, திங்கள்

ரசம்.

ஜூலை 16, புதன்

தாமரை போனில் தோழியிடம், "சத்தியமா லா, மிசோவுக்குத் தாளிச்சிட்டாங்க!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். கோபப்படலாம் என்று பார்த்தால் வரவில்லை. அவளுக்கு நல்ல சிரிப்பு.

ஜூலை 20, ஞாயிறு

இருமல் கேட்டுத் திரும்பினேன். அடுப்புக்கு முன்னால் தாமரை.

"இன்னிக்கு ஓமுரைஸ். நான் செய்றேன். நீங்க கிட்ட வரக்கூடாது. கடுகு டப்பாவ ஒளிச்சி வச்சிட்டேன்."

வெங்காயம் நறுக்க மட்டும் அனுமதி. கெச்சப்பில் பிரட்டிய சோற்றுக்கு மேல் ஆம்லெட்டைப் போர்த்தினாள். அனிமேயில் அதன்மேல் கெச்சப்பாலேயே பேர் எழுதித்தான் கொடுப்பார்களாம். இவருக்கு 'அப்பா'. தனக்கு ஒரு பூ. என் தட்டுக்கு வந்ததும் பாட்டிலைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். முட்டைமேல் இருமலை எழுத முடியாதே! பாத்திரம் கழுவுவது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். 'சின்' வரைக்கும் எழுதினாள். பாட்டில் காலி. குலுக்கினாள், தட்டினாள், ஒரு சொட்டு வரவில்லை.

"மிச்சத்த நீங்களே சேத்துக்குங்க, சின்னம்மா. ஆறிடும், உக்காருங்க."

மூன்று பேரும் மேசையில் சாப்பிட்டோம். முட்டை அடியில் தீய்ந்திருந்தது. நான் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.