கறுப்பு மூடி

ஏப்ரல் 3
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு நீச்சல் குளத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வடிகட்டியில் முடியும் பிளாஸ்திரியும்தான். ‘குளித்துவிட்டு இறங்கவும்’ என்று பலகை வைத்து நாலு வருடம் ஆகிறது, படித்தவர் ஒருவரும் இல்லை. பதிவேட்டில் காலை, மதியம், மாலை மூன்று கட்டங்களையும் காலை எட்டு மணிக்கே நிரப்பிவிட்டேன். குளோரின் சரி, தண்ணீர் தெளிவு. எப்போதும் அப்படித்தானே.

ஏப்ரல் 7
தினமும் நீந்த வரும் நீலத் தொப்பி அக்கா நேற்று நம் குளத்தில் இறந்துபோனார்.

ஏப்ரல் 8
எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆழத்தில் தரையோடு, வடிகால் மேல் ஒரு கறுப்பு மூடி இருக்கிறது. கரையில் நின்றால் அது தெரிய வேண்டும், தெரியாவிட்டால் குளத்தை மூட வேண்டும். விதி அவ்வளவுதான். அன்று காலை அண்ணன் மோட்டார் அறைக்கே வந்தான். நீந்துபவர்களைக் கவனிக்கக் காவல் நாற்காலியில் உட்காருபவன் அவன், தண்ணீருக்குப் பொறுப்பு நான்.

“அடி தெரியலம்மா. இன்னைக்கு மூடிடலாமா?”

“மதியத்துக்குள்ள தெளிஞ்சிடும்ணே. நீ போய் உக்காரு.”

போய் உட்கார்ந்தான். என் பேச்சை அவன் என்றைக்குத் தட்டியிருக்கிறான்?

பத்து மணிக்கு அக்கா வழக்கம்போல மூக்குக் கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். நடுவில் மயக்கம் வந்திருக்கிறது. கரையேறிவிட்டார் என்று அண்ணன் நினைத்திருக்கிறான். முங்கி நீந்திக்கொண்டிருந்த ஒருவர் காலில் அவர் உடல் தட்டிய பிறகுதான் தெரிந்தது. அடி மட்டும் தெரிந்திருந்தால் –

ஏப்ரல் 11
விசாரணை. அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். தண்ணீர் தெளிவாக இருந்தும் ஏன் கண்ணில் படவில்லை என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தான்.

“என் கவனக்குறைவுதான் சார்.”

நான் வாயைத் திறக்கவில்லை. நானெல்லாம் ஒரு தங்கச்சியா?

ஏப்ரல் 12
அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 15
அண்ணி போன் செய்தாள். சாப்பாட்டில் கை வைப்பதில்லையாம், யாரோடும் பேச்சில்லையாம். “உன்கிட்டயாவது எதாவது சொன்னாரா?” என்றாள். இல்லை என்றேன்.

ஏப்ரல் 17
அக்காவின் மகள் வந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். துப்பட்டாவால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மா கீழ கிடந்தப்போ உங்க ஆளு தூங்கிட்டு இருந்தாராமே. நிஜமா?”

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “அவர் தூங்கல. தண்ணி கலங்கியிருந்துச்சு, மூடணும்னு சொன்னார். வேணாம்னது நான். பாக்காமலே தெளிவுன்னு எழுதினதும் நான்தான்.”

திட்டுவாள், அறைவாள் என்று நின்றேன். கண்ணாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மேலாளர் அறைக்குப் போய் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 30
எனக்கு வேலை போய்விட்டது, வழக்கும் வரும். வரட்டும். அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். என்னோடு அவன் பேசவில்லை. ஏன் போய்ச் சொன்னாய் என்ற கோபமா, ஏன் அன்றே சொல்லவில்லை என்ற கோபமா, தெரியவில்லை.

மே 4
காலை எட்டு மணிக்கு அண்ணனிடமிருந்து போன். “மூடி தெரியுது,” என்றான். வைத்துவிட்டான். மதியம் ஒரு மணிக்கும் அதே சொல்தான்.

மாலை ஐந்து மணிக்கு மூன்றாவது தடவை.

“இப்ப தெரியலம்மா. எல்லாரையும் மேல ஏத்திட்டேன்.”

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவன் அழுவது எனக்குக் கேட்டது.