பன்றிக்குச் செய்த ஈட்டி

கடலைக்காட்டுப் புளியமரத்தடியில் படுத்திருக்கும் என் அத்தானுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன் என்பதை முதலில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பெருவிலங்கு வேட்டைக்குக் கைலி கட்டிக்கொண்டு போவதில்லை. கால்சட்டை அணிந்துதான் போவது. வீட்டில் எதிர்ப்பு இருந்தது. கைலி என்றால் ஓடும்போது தூக்கிச் செருகிக்கொள்ளலாம் என்றாள் மல்லிகா. ஓடுவது திட்டத்தில் இல்லை என்று என் மனைவிக்கு விளக்கினேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள். கடைசியில், வேலைக்குப் போட்டுப்போகும் கறுப்புக் கால்சட்டையைத் தேர்ந்தெடுத்தேன். என் முதல் வேட்டைப் பருவம் அப்படித்தான் தொடங்கியது.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. உங்கள் வீட்டில் கோழி அறுக்கும்போதெல்லாம் எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றவன் நான். அறுபதை நெருங்கும் வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை?

பன்றிதான் காரணம். உங்களுக்குத் தெரிந்த அதே பன்றிதான் என்று செல்லம் அக்கா சொல்கிறாள். ஒரு காது கிழிந்தது. நீங்கள் துப்பாக்கியோடு காவல் பரணில் உட்கார்ந்திருந்த வருடங்களில் அது மலைச்சரிவோடு நின்றுகொண்டது. பிறகு ஒரு நாள் விடிந்ததும் அக்கா டீயை எடுத்துக்கொண்டு வந்து பரணுக்குக் கீழே நின்று உங்களைக் கூப்பிட்டாள். நீங்கள் உட்கார்ந்தபடியே இருந்தீர்கள். இறங்கவில்லை. அதற்குச் சில மாதம் கழித்து, அந்தப் பக்கத்துத் துப்பாக்கிகளையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். உங்களுடையதையும் அக்கா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். இந்தச் செய்தி பன்றிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. இங்கே அரசாங்க அறிவிப்புகள் மனிதர்களுக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் வந்து சேர்வதில்லை.

முதல் வருடம் பாதிக் கடலையைத் தோண்டித் தின்றது. அடுத்த வருடம் வரப்போரத்தை மட்டும் விட்டுவைத்தது. அக்கா போன் செய்தாள்.

"ராசு, இந்த வருசமும் தின்னுட்டுதுன்னா என்னால ஆவாதுடா. காட்ட பக்கத்துக் காட்டு ஊ டின்கிட்ட ஒப்படைச்சிட்டு ஒங்கிட்ட வந்துருவேன்."

"வாயேன்க்கா. ஒன் வீடுதானே."

"வந்து? அவர இங்க தனியா விட்டுட்டு நான் அங்க என்னடா பண்ணுவேன்?"

உங்களைப் புதைத்த அன்றைக்குக்கூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. அன்று போனில் அழுதாள்.

ஆகவே யாராவது பன்றியைக் கொல்ல வேண்டும். யார் என்று பார்த்தேன். நம் குடும்பத்து இளைஞர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்ததே நான்தான். என் தொழிலுக்கு மட்டும் இந்த ரங்கூன் நகரத்தில் குறைவில்லை. காலையில் கடை திறக்கும் முன்பே போகிறவர்கள் வந்து நிற்கிறார்கள். போகாமல் மிச்சமிருக்கும் ஆண்பிள்ளை என்று எண்ணினால் நான் ஒருவன்.

படிக்கத் தெரிந்தவன் எதையும் படித்துத்தான் தொடங்குவான். பன்ஸோடான் தெருவின் நடைபாதைப் புத்தகக் கடைகளில் தேடி, அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய வேட்டைப் புத்தகங்களை வாங்கி வந்தேன். அவற்றில் முதல் அத்தியாயத்தில் நல்ல சமையல்காரனைத் தேடுகிறார்கள். இரண்டாவதில் மடக்குக் குளியல் தொட்டி. புலி, யானை, காட்டெருமை எல்லாம் முடிந்த பிறகு, பொழுது போகாத அதிகாரிகளுக்காகக் கடைசியில் பன்றி வருகிறது. நம் ஆட்களும் வருகிறார்கள், அத்தான். பெட்டி தூக்கிக்கொண்டு வரிசையாக வருகிறார்கள். பெயர் கிடையாது. ஒரு படத்தில் செத்த காட்டெருமைக்குப் பின்னால் நிற்கும் ஒருவர் என் தாத்தாவின் சாடை. அவருக்கும் வேட்டையில் ஆர்வம் இருந்தது போல் தெரியவில்லை.

அடுத்தது பருவத்தைத் திட்டமிடுவது. உங்கள் அண்டைக்காட்டு ஊ டின்னிடம் நல்ல நாய்கள் இருக்கின்றன என்பதால் அவருக்குப் போன் செய்தேன். நாய்களோடு வரத் தயார். ஆனால் புத்த நோன்பு மாதங்கள் முடியட்டும், அதுவரை எறும்பைக்கூட மிதிப்பதில்லை என்றார். மழைக்காலம் முழுவதும் காத்திருந்தேன். அது முடிந்தபோது இங்கே புரட்டாசி.

"புரட்டாசியில வீட்ல முட்ட ஒடைக்க வுட மாட்டேன். நீங்க பன்னி குத்தப் போறீங்களாக்கும்" என்றாள் மல்லிகா.

பிறகு கந்த சஷ்டி விரதம். பிறகு கார்த்திகை, ஊரில் பாதிப் பேர் மாலை போட்டுக்கொண்டார்கள். மார்கழியைப் பற்றிக் கேட்கவே எனக்குத் துணிவில்லை. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் நடுவே சில நாட்கள் கிடந்தன. அதுதான் என் வேட்டைப் பருவம். கடலை அப்போதுதான் முற்றி அறுவடைக்கு நிற்கும். பன்றியும் அந்தக் கணக்கில்தான் இருந்திருக்கும்.

இன்சீனில் ரயில் பட்டறைப் பக்கம் ஒரு கொல்லர் லாரியின் வில்பட்டையை அடித்து எனக்கொரு ஈட்டி செய்துகொடுத்தார். இலை வடிவத்தில் முனை, ஆளுயரத்துக்கு மூங்கில் பிடி. க்யிம்யிண்டைங் படகுத்துறையிலிருந்து வாழைத்தண்டு வாங்கிவந்து எங்கள் வீட்டுப் பின்சந்தில் சாய்த்துவைத்துப் பழகினேன். தண்டு ஓடாமல் நின்றது. ஆனாலும் முதல் நாள் இரண்டு தடவை தப்பிவிட்டது.

"குத்துறதுன்னா ஓரமா குத்துங்க. நடுத்தண்டு பொரியலுக்கு வேணும்" என்று மல்லிகா மேலே இருந்து குரல் கொடுத்தாள்.

புறப்படும் நாள் காலையில்தான் எனக்கே உறைத்தது. உங்கள் ஊருக்குப் போகும் பகோ சாலையில் எத்தனை சோதனைச் சாவடிகள்! இன்றைய நாளில் ஓர் ஆள் கையில் ஈட்டியோடு பஸ்ஸில் போக முடியுமா? அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். மல்லிகா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மறைச்சாத்தான் ஆயுதம்னு புடிப்பான். குடுங்க இப்படி."

காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். முனையைக் கழுவி விபூதிப் பட்டை போட்டாள், நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். உச்சியில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்தினாள். பிடியில் மஞ்சள் துணி சுற்றினாள். அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது அது வேலாக இருந்தது. தைப்பூசத்துக்கு வேல் எடுத்துப்போகிற தமிழனை இந்த நாட்டில் யாரும் நிறுத்துவதில்லை. கால்சட்டை மட்டும் பொருந்தவில்லை என்றாள். கைலிக்கு மாறினேன்.

சாவடியில் ஒரு சிப்பாய் பஸ்ஸுக்குள் ஏறினான். என்னிடம் வந்ததும், "ஊலே, இது என்ன?" என்று கேட்டான். பர்மியர்கள் மாமா என்கிற மாதிரி மரியாதையாகத்தான் கூப்பிட்டான்.

"எங்கள் சாமி கையில் இருப்பது. திருவிழாவுக்குக் கொண்டுபோகிறேன்."

அவன் பழத்தைப் பார்த்தான். துப்பாக்கியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்: "எனக்கும் வேண்டிக்கொள்ளுங்கள், ஊலே. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும்."

வேண்டிக்கொள்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த இடத்திலேயே அது ஈட்டியாக இருப்பதை நிறுத்திவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பின் இருக்கையில் ஒரு தமிழ் அம்மா எட்டிப் பார்த்தார்.

"எந்தக் கோயிலுக்குத் தம்பி?"

"கடலைக்காட்டுக்கும்மா." பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"கடலைக்காட்டு முருகனா? கேள்விப்பட்டதில்லியே. புதுசா எழுப்பியிருக்காங்களோ?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மகளை உங்கள் ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறாராம். அது எனக்கு எப்படித் தெரியும்? அவர் போனை எடுத்து மகளிடம் பேச ஆரம்பித்தார். ரங்கூனிலிருந்து வேல் வருகிறது, முகச்சாடையைப் பார்த்தால் செல்லத்தின் தம்பிதான் எடுத்து வருகிறார் போலிருக்கிறது, ஆள் பார்க்க வாடிப்போயிருக்கிறார், கடும் விரதம் போல என்று.

நான் இறங்கியபோது மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள், அத்தான்.

குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு பெண்கள் நின்றார்கள். என் காலில் ஊற்றினார்கள். செருப்பை யாரோ வாங்கிக்கொண்டார்கள். ஊ டின் சொன்ன சொல் தவறாமல் நாய்களோடு வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் நாய்களை வேலியில் கட்டிவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து, கை கூப்பி நின்றார். ஊர்வலம் நேராக உங்கள் காட்டுக்குத்தான் போனது. கடலைக்காட்டு முருகன் வேறு எங்கே இருப்பார்? புளியமரத்தடியில், உங்கள் தலைமாட்டில் அதை நட்டார்கள். அக்கா கற்பூரம் காட்டினாள். பூசம் முடியும்வரை என்று பூசாரி எல்லோர் கையிலும் காப்புக் கட்டினார். என் கையிலும். காப்புக் கட்டினவன் கொசுவைக்கூட அடிக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஊ டின்னும் கை நீட்டினார். அவருடைய நாய்களுக்கும் பொங்கல் வைத்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு நானும் அக்காவும் மட்டும் நின்றோம்.

"அக்கா, இது இன்சீன்ல லாரிப் பட்டையில அடிச்சதுக்கா. பன்னிக்குன்னு செஞ்சது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கற்பூரம் காட்டுன?"

"எங்க அடிச்சா என்னடா? பழம் குத்தியாச்சு. நாலு பேரு வுழுந்து கும்புட்டாச்சு. இதுல பன்னி ரத்தம் படலாமா?"

"அப்ப கடலை? காடு போயிருமேக்கா."

"போவட்டும்."

"இதுக்காகத்தானே நான் இவ்வளவு தூரம்..."

"நீ பரண்ல ஏறி ஒக்காந்துக்குவ. விடிஞ்சதும் நான் டீ எடுத்துட்டு வரணும். கீழ நின்னு கூப்புடணும்." சேலைத் தலைப்பால் வேலின் பிடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஒரு தடவ வந்தாச்சுடா. இன்னொரு தடவ என்னால வர முடியாது."

அத்தான், நீங்கள் அவளோடு எவ்வளவு காலம் வாழ்ந்தவர். எனக்கு ஒன்று சொல்லுங்கள். அவள் அதைச் சாமி என்று நம்பித்தான் கற்பூரம் காட்டினாளா? அல்லது பஸ் வரும் முன்பே, போனில் செய்தி வந்த அந்த நேரத்திலேயே, என்னைப் பரணில் ஏறவிடாமல் தடுக்க ஒரு சாமி தேவைப்பட்டதா? கேட்கலாம்தான். கேட்டால் சொல்வாளா? சொன்னால் நான் தாங்குவேனா? வேட்டைப் புத்தகங்களில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த அதிகாரிகளுக்கு அக்கா தங்கைகள் இருந்தார்களா என்றே தெரியவில்லை.

பூசத்தன்று ஊரே ஆற்றங்கரைக் கோயிலில் காவடி பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் காட்டுக்குப் போனோம். உழுதுபோட்ட மாதிரி கிடந்தது. இவ்வளவு சீராக மாடு கட்டினால்கூட உழ முடியாது. புளியமரத்தடியை மட்டும் பன்றி தொடவில்லை. நட்ட வேல் நட்டபடி நின்றது. ஊரார் வந்து பார்த்து, வேலின் சக்தியை வியந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அங்கே கடலை போடவில்லை என்பதை நான் சொல்லவில்லை. களைப்பாக இருந்தது.

இப்போது வெள்ளிதோறும் அங்கே விளக்குப் போடுகிறார்களாம். மரத்தைச் சுற்றி மேடை கட்டப் பேச்சு நடக்கிறது. உங்களுக்குச் சத்தம் பிடிக்காது; ஒலிபெருக்கி வைக்க வேண்டாம் என்று ஊ டின்னிடம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சிப்பாய்க்காக அன்றே வேண்டிக்கொண்டேன். திரும்பி வரும்போது சாவடியில் வேறு ஒருவன் நின்றான். முன்பு நின்றவன் வீட்டுக்குப் போய்விட்டானா, வேறு எங்காவது அனுப்பிவிட்டார்களா? யாரிடம் கேட்பது?

காடு இப்போது ஊ டின் கையில். உங்கள் மரத்தடியை மட்டும் உழுவதில்லை என்று அக்கா கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். பெட்டிகளோடு அக்காவைக் கூட்டிவந்த அன்று அவள் காட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். சாலை திறந்திருக்கும் ஒவ்வொரு தை மாதமும் அவளை உங்களிடம் அழைத்து வருவேன். சாலை மூடியிருந்தால், திறக்கும் மாதம் எதுவோ அந்த மாதம்.

எங்கள் வீடு நான்காம் மாடியில். மின்தூக்கி கிடையாது, அக்காவுக்கு முழங்கால் வலி. வந்ததிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை.

உங்கள் செல்லத்தின் தம்பி,
ராசு