ஈப்போ அக்கா சொன்ன கொரியக் கதை

அக்கா,

இன்று மத்தியானம் மகள் கொரியத் துப்பறியும் தொடர் ஒன்றைப் போட்டாள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. நான் அதைப் பார்க்கவில்லை. உங்கள் குரலுக்குக் காத்திருந்தேன்.

தொண்ணூறுகளில், ஆக்லாந்துக்கு வந்த புதிதில், பாபடோயிட்டோயில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். நீங்கள் ஈப்போக்காரி, நான் யாழ்ப்பாணம். இருவருக்கும் பக்கத்தில் விரி என்ற இடத்தில் ஒரே கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. அங்கே வேலை செய்த கொரியப் பெண் வீடியோ கசட் தருவாள். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் அரைகுறை ஆங்கிலத்தில் கதையைக் கேட்டுவைத்து, ஞாயிறு பின்னேரம் கொரிய மொழியே தெரிந்தவர்போல் எனக்குச் சொல்வீர்கள்.

ஒரு ஞாயிறு பார்த்த அத்தியாயத்தில், காணாமல்போன தம்பியைத் தேடும் பெண்ணைத் துப்பறிவாளர் பிணவறைக்குக் கூட்டிப்போனார். மேசையில் வெள்ளைத் துணி. அவர் நுனியைப் பிடித்ததும் நான் உங்கள் கையைப் பிடித்தேன். ஊரே இடம்பெயர்ந்து, என் தம்பியிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதம் வராத நேரம் அது. துணி விலகியது, முகத்தைக் காட்டவில்லை. அவள் விழுந்து அழுதாள்.

"ஆர் அக்கா அது? தம்பியோ?"

"இல்லலா. வேற ஆளு. சந்தோஷத்துல அழுவுது."

நம்பினேன். மறுநாள் அந்தக் கொரியப் பெண், கதையில் அந்தத் தம்பி செத்துப்போனது பாவம் என்றாள். வீட்டுக்கு வந்து உங்களோடு சண்டை பிடித்தேன்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உன் மொகத்தப் பாத்தேன். வேற எதுவும் சொல்ல வரல."

இரண்டு நாள் நான் கதைக்கவில்லை. என் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு உங்கள் அறைக்குள் போய்விடுவீர்கள்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. உறையில் தம்பியின் கையெழுத்து இல்லை. "பயமா இருக்கு. நீங்களே வாசியுங்கோ" என்று நீட்டினேன்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே!" ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் நீங்கள்.

நானே பிரித்தேன். தம்பி வவுனியா ஆஸ்பத்திரியில். வலது கையில் காயம் என்பதால் பக்கத்துக் கட்டில்காரர் எழுதியிருந்தார்.

"உயிரோட இருக்கிறான் அக்கா!"

என் தாடையைப் பிடித்துத் திருப்பினீர்கள். "நெசமா? பொய் சொல்லாத."

"ஓம் அக்கா, உண்மையாத்தான்."

அப்போதுதான் அழுதீர்கள்.

போன மாதம், நீங்கள் திரும்பிப்போன ஈப்போவிலிருந்து உங்கள் மகள் கூப்பிட்டு, நீங்கள் காலமானதைச் சொன்னாள். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. இருதய ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறான். உங்களை ஒருநாளும் நேரில் கண்டதில்லை, நீங்கள் சொன்ன கொரியக் கதைகளை என் வாயால் கேட்டதுதான், ஆனாலும் போன் எடுத்தால், "கொரிய அக்கா எப்படி இருக்கிறா?" என்றுதான் முதலில் கேட்பான். நேற்றும் கேட்டான்.

"சுகமா இருக்கிறா" என்றேன்.

எழும்பி நடக்கட்டும், சொல்கிறேன். அதுவரைக்கும் அவனுக்கு நீங்கள் ஈப்போவில் சுகமாக இருங்கள், அக்கா.