இடது பக்க லீவர்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, தம்பி எல்லோரும் சுகம், அப்பாவின் இருமல்கூட ஒருவழியாக ஓய்ந்தது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, தோள் ஆறி, நிம்மதியாக இருக்கிறாய் என்று நீயே எழுதிப் படிக்க ஆசை. பதில் எழுதப் பத்து நாள் தாமதமாகிவிட்டது, நாலு தடவை எழுதிக் கிழித்தேன். தம்பி கணக்கில் தேறிவிட்டான், அவனுக்கே நம்பிக்கையில்லாமல் வாத்தியாரிடம் இன்னொரு தரம் கூட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறான், அவர் கூட்டிப் பார்த்து இரண்டு மதிப்பெண் குறைத்து அனுப்பினாராம்.

நான் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதேயில்லை, எலிக்கு ஊசி போடுகிறவள் என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாய். சரி, இப்போது சொல்கிறேன், கேள். பெட்டிக்குள் இரண்டு லீவர் இருக்கும். எலிக்கு மார்ஃபின், அதாவது பழகினால் விடாத அபின் வகை வலிமருந்து, போட்ட நாளில் இடது லீவரைப் பத்துத் தடவை அமுக்கினால் ஒரு தீவன உருண்டை விழும், வெறும் உப்புத் தண்ணீர் போட்ட நாளில் வலது லீவருக்குத்தான் விழும். விளக்கு கிடையாது, மணி கிடையாது, வேறு எந்த அடையாளமும் கிடையாது. இன்றைக்கு எந்தப் பக்கம் என்பதற்கு அதன் உடம்புக்குள் நடப்பது மட்டும்தான் துப்பு. இரண்டு மாதம் போராடினால் கற்றுக்கொள்கின்றன. பெட்டிக்குள் விட்டதும் ஒரு நொடி நிற்கும், மீசை மட்டும் ஆடும், பிறகு நேராகப் போய்ச் சரியான லீவரில் கை வைக்கும். நாலு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

போன மாதம் நீ மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாயே, அது வந்த நேரம் என் கையில் இரண்டு மருந்துப் புட்டிகளும் அவற்றில் ஒட்ட வேண்டிய சிவப்பு, நீலச் சீட்டுகளும் இருந்தன. அன்று உப்புத் தண்ணீர் நாள். நீலச் சீட்டுப் புட்டியிலிருந்து எடுத்துப் பன்னிரண்டு எலிக்கும் போட்டேன். பன்னிரண்டும் இடது பக்கம் போயின. உருண்டை விழவில்லை, ஆனாலும் இடதையே அமுக்கின. துரை என்று ஒன்று உண்டு, எப்போதும் மிதப்பாக நடக்கும், அது லீவரை அமுக்குவதும் காலியான தட்டைப் பார்ப்பதும் மறுபடி அமுக்குவதுமாக இருந்தது. நான் பதிவேட்டில் பன்னிரண்டு முறை தவறு தவறு என்று எழுதினேன். கூண்டு கழுவும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, உங்க வகுப்பில் மொத்தப் பேரும் ஃபெயிலா, டீச்சரைத்தான் மாத்தணும் என்று கிண்டல் செய்தார். இரண்டு மாத உழைப்பு போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் மேடம் பதிவேட்டைப் பார்த்தார், முந்தைய நாட்களின் பக்கங்களையும் புரட்டினார். பிறகு, "ஒரு எலி தப்பு பண்ணும்மா, பன்னிரண்டும் சேர்ந்து தப்பு பண்ணாது. புட்டியைப் பாருங்க" என்றார். புட்டிகளைச் சோதனைக்கு அனுப்பினோம். சீட்டை நான்தான் மாற்றி ஒட்டியிருக்கிறேன். பார்க்க இரண்டும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், படித்தவள் எனக்குத் தெரியவில்லை, கையளவு உயிர் பன்னிரண்டு பசியோடு நின்று உள்ளே இருப்பது மார்ஃபின்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. திட்டு வாங்கினேன், அது கிடக்கட்டும். மேடம் போன பிறகு துரையின் கூண்டு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி எழுதத்தான் கை வரவில்லை. மார்ஃபினுக்குப் பழக்கிய எலிக்கு வேறு மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம். இதுவும் அதே இனம் என்று அதற்குப் பட்டால் இடது லீவருக்குப் போகும். உன் அட்டையில் இருந்த பெயரைப் பழைய பதிவேடுகளில் தேடினேன். இருந்தது. பத்து எலியில் ஒன்பது இடது. நீ போனில், அது சாதா வலி மாத்திரைம்மா என்றாய். உன் டாக்டர் எழுதியதில் தப்பில்லை, தோள் எலும்பு உடைந்த வலிக்கு அது வேண்டியதுதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு என்று எழுதியது ஏழு வாரமாக ஓடுகிறது, தோள் வலியே இல்லை என்கிறாய், அந்த அட்டையோ புது அட்டை. தூக்கத்துக்காகப் போடுகிறேன் என்று நீ சொன்ன குரல் எனக்குப் பிடிபடவில்லை. நீ படியேறும் சத்தத்திலேயே பசியா கோபமா என்று சொல்லிவிடுகிறவள் நான். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன், இரண்டு பேரும் சேர்ந்துதான் வளர்ந்தோம், அந்தத் திமிர் எனக்கு உண்டு. இதில் மட்டும் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

யார் என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிடு என்று உன்னை வளர்த்ததும் நான்தான். ஊர் வாய்க்குப் பயந்து சொல்லிக்கொடுத்தேன், நீயும் நன்றாகவே கற்றுக்கொண்டாய். என்னிடம் அதைச் சொல்லாதே. நீயாகத் திடீரென்று நிறுத்தவும் செய்யாதே, உடம்பு படுத்திவிடும். உன் டாக்டரிடம் போய் ஏழு வாரம் ஆகிவிட்டது என்று சொல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பி வந்துவிடுவேன், விடுப்புக் கடிதம் எழுதியாயிற்று, தேதிதான் போடவில்லை.

நோய் நொடி அண்டாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எத்தனை மாத்திரை மீதி என்றெல்லாம் கணக்குக் கேட்கமாட்டேன். விழுங்கிய பிறகு உனக்குள்ளே எப்படி இருக்கிறது, அதை மட்டும் சொல். எதுவாக இருந்தாலும் நீ சொல்வதுதான் சரி என்று எழுதிக்கொள்வேன்.

உன்
அம்மா