எனக்கும் அப்படித்தான் அக்கா

தென்காசி
16-6-2025

அன்புள்ள பானு,

சாரல் தொடங்கிவிட்டது. காலையில் மாடிக் கதவைத் திறந்தால் மலையைக் காணோம். ஊரே குளிர்ந்து கிடக்கிறது, என் இடுப்புக்கு மட்டும் அது ஆகவில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எட்டு வருடம் ஆகிறது. இன்னமும் உலை கொதிக்கும்வரை அடுப்பின்முன் நிற்க முடியாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் சமைக்கிறேன். பள்ளிக்கூட வேலையை விட்டும் புண்ணியமில்லை.

நேற்று உன்னோடு பேசலாம் என்று போனை எடுத்தேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆரம்பிச்சாச்சா இடுப்புப் புராணம்?" என்றார். வைத்துவிட்டேன். நமக்குக் கடிதம்தான் சரி.

பிசியோதெரபி அறையில், நடுவே ஒரு பச்சைத் திரை, ஆளுக்கொரு கட்டிலில் இடுப்பில் எடை கட்டிக் கிடந்தோமே. திரைக்கு அந்தப் பக்கமிருந்து நீ, "அக்கா, உங்களையும் கட்டிப் போட்டாச்சா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து என் வலியை நம்புகிற ஒரே ஆள் நீ. உன் கடிதத்தில் 'எனக்கும் அப்படித்தான் அக்கா' என்ற வரியைப் பார்த்தால்தான் எனக்கு அந்த வாரம் நகர்கிறது.

வேல்ராஜின் மினிபஸ்ஸில் தூக்குவாளி வருகிறது. புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாய். இந்த சீசனுக்கும் நாம் இருவரும் ஐந்தருவிக்குப் போக வேண்டும், போன வருடம் போலவே ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு.

உன் அக்கா,
செண்பகவல்லி

*

வடகரை
24-6-2025

பிரியமுள்ள அக்காவுக்கு, பானுவின் சலாம்.

ஊறுகாய் வந்த அன்றைக்கே பாதி காலி. "வந்த ஏனத்த சும்மா திருப்பி அனுப்பப்படாது" என்று மாமி நின்று பார்த்துக் கட்டச் சொன்னார்கள். வாளியில் தம்ரூட் இனிப்பு வைத்திருக்கிறேன். ரவை கொஞ்சம் தீய்ந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கும் அப்படித்தான் அக்கா. குனிந்தால் நிமிர முடியவில்லை.

அருவிக்கு இந்த வருடம் வர முடியுமா தெரியவில்லை. நாத்தனார் ஹஸீபா துபாயிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். வீடு நிறைய ஆள்.

திருநெல்வேலியில் வலிக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார்களாம். இருவருமாக ஒருமுறை போய்ப் பார்ப்போமா? சும்மாதான் கேட்டேன்.

துஆவுடன்,
மெஹர் பானு

*

தென்காசி
14-7-2025

மெஹர் பானுவுக்கு,

நேற்று ஐந்தருவிக்குப் போயிருந்தேன். நீ வரவில்லை என்றதும் என் மதினி இராமலட்சுமிதான் கூட்டிப்போனாள்.

சிப்ஸ் கடைக்குப் பக்கத்தில் நின்று உன்னைப் பார்த்தேன். ஹஸீபாவின் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாய். ஈரப்பாறையில் குனிந்து அதன் செருப்பை எடுத்தாய். நிமிர்ந்தாய். முகத்தில் தண்ணீர் வழிய, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பு உனக்கு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. என்னோடு இருக்கும்போது நீ அப்படிச் சிரித்ததில்லை.

குனிந்தால் நிமிர முடியாதவள் எங்கே போனாள்?

நீ பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டேன். பின்னால் மதினி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "யம்மா, படியில என்னா வேகமா ஏறுதிய! பஸ்ஸு போயிருமா?" என்று கேலி வேறு. ஆட்டோவில் உட்கார்ந்தபின் வந்தது பார் வலி. ராத்திரி புரளக்கூட முடியவில்லை. இனி இதை யாருக்கு எழுதுவது?

வாளியைக் காலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். வேல்ராஜ் வாங்கிப் பார்த்து, "என்ன டீச்சர், இன்னைக்கு இம்புட்டு லேசா இருக்கு?" என்றான். உள்ளே ஒன்றும் இல்லை, இந்தக் கடிதமும் தபாலில்தான் வரும். தெரிந்துதான் அனுப்பினேன்.

செண்பகவல்லி

*

வடகரை
17-7-2025

அக்கா,

வெறும் வாளியைத் திறந்து பார்த்த மாமி பதறிப்போய், "ஏம்மா, டீச்சர் வீட்டுல யாரும் மௌத்தாயிட்டாவளா?" என்று கேட்டார்கள். இல்லை மாமி என்றேன்.

பொய் எழுதினேன். பிப்ரவரியிலிருந்து அந்த டாக்டரம்மாவிடம் போகிறேன். முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "காயம் எப்பவோ ஆறிட்டு. உங்க மூளைதான் இன்னும் ஆபத்துன்னு நினைச்சுக்கிட்டு வலிய உண்டாக்குது" என்றார்கள். "அப்போ நான் நடிக்கேனா?" என்று கேட்டேன். "இல்லம்மா, வலி நிஜம். எல்லா வலியும் மூளை உண்டாக்குறதுதான், கால்ல முள் குத்துனாக்கூட" என்றார்கள்.

பிறகு நம் ஊர்க் கணக்கில் சொன்னார்கள். அருவியில் தண்ணீர் பெருகி ஆர்ச் வளைவைத் தாண்டினால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுவாரே, வெள்ளம் வடிந்த பிறகும் அவர் விசிலை நிறுத்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவரை அடித்து விரட்ட முடியாது. ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து, பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை என்று காட்ட வேண்டும். நான் அப்படித்தான் குனிந்து பழகினேன். முதலில் ஒரு தீப்பெட்டியை எடுக்க, அப்புறம் செம்பு, இப்போது பிள்ளை. இப்போதும் சில நாட்களில் வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் பயமில்லை.

உங்களுக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். வலி இல்லை என்று எழுதினால் நீங்கள் அந்தக் கட்டிலில் தனியாகிவிடுவீர்கள் என்று தோன்றியது. என்னை வெறுத்துவிடுவீர்களோ என்றும் பயம். வாளியைத் திருப்பி அனுப்பவில்லையே என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்கும்வரை அது இங்கே காத்திருக்கும்.

பானு

*

தென்காசி
21-7-2025

பானு,

இருபது பக்கத்துக்கு எழுதினாலும் ஒன்றுதான். எல்லோரும் எட்டு வருடமாகச் சொல்வதை நீ டாக்டர் பெயரில் சொல்கிறாய். "எல்லாம் மனசுல இருக்கு" என்று என் கொழுந்தனார் சொன்னபோது அவருக்குச் சோறு போடாமல் எழுந்து போனவள் நான்.

உன் மூளை பேச்சைக் கேட்கிறது. கொடுத்துவைத்தவள். வாளியை நீயே வைத்துக்கொள்.

செண்பகவல்லி

*

தென்காசி
11-8-2025

அன்புள்ள பானு,

நீ பதில் எழுதவில்லை. நான் எழுதிய எழுத்துக்கு எழுதவும் முடியாது.

நேற்று மதினி வந்திருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கிளறுவதைப் பார்த்து, "அன்னைக்கு அருவில அம்புட்டு நேரம் நின்னியளே மதினி, நான் குளிச்சு, துணி மாத்தி, பஜ்ஜி தின்னுட்டு வாற வரைக்கும் ஒரே இடத்துல. அப்பம் இந்த இடுப்பு எங்கன போச்சு?" என்று கேட்டாள்.

நின்றிருக்கிறேன் பானு. உலை கொதிக்கும்வரை நிற்க முடியாதவள், சாய ஒரு சுவர்கூட இல்லாமல் நின்றிருக்கிறேன். படியில் கம்பியைப் பிடிக்காமல் ஏறியிருக்கிறேன். வலி எனக்கு நினைவே இல்லை. என் கண், காது, மூளை எல்லாம் உன்மேல்தான் இருந்தன. உன் முதுகு இப்போதே பிடித்துக்கொள்ளட்டும், அந்தச் சிரிப்பு பாதியில் நிற்கட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் உட்கார்ந்து, 'இவ்வளவு நேரம் நின்றுவிட்டோமே, வலிக்குமே' என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் வந்தது.

எந்த மாத்திரையும் செய்யாததை உன்மேல் எனக்கிருந்த பொறாமை செய்திருக்கிறது. இதை உன் டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வேன் என்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லத்தான் வேண்டும். அடுத்த முறை திருநெல்வேலிக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போ. செங்கோட்டை பஸ்ஸில் நீ வந்தால், பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறிக்கொள்கிறேன். எனக்குச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்காதே. சரியாகாவிட்டால் உன்னை இன்னும் கொஞ்சம் வெறுப்பேன், பொறுத்துக்கொள். சரியாகிவிட்டால் நாம் எதைப் பற்றி எழுதுவோம் என்றும் ஒரு பயம் இருக்கிறது.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால், அது நீ எழுதிய 'எனக்கும் அப்படித்தான்' போலாகிவிடும். போகவில்லை. உன்னிடமாவது அதை மறைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

நம் வாளி உன்னிடம் இருக்கிறது. அதனால் இவர் அம்மாவின் ஈயம் பூசிய பெரிய பித்தளைத் தூக்கை எடுத்து, வாய்வரை ஊறுகாய் அடைத்துக் காலையில் அனுப்பினேன். வேல்ராஜ் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத அந்த அக்காவால எறக்க முடியுமா டீச்சர்? இடுப்பு வலிக்காரவுகல்லா?" என்று கேட்டான்.

அதெல்லாம் தூக்குவாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
செண்பகவல்லி