இரண்டாவது களி உருண்டை

என்னைக் கீழே விட மனமில்லாத என் அப்பாவுக்கு,

நேற்று உனக்கு முதல் வருஷப் படையல். ஆட்டுக்கறிக் குழம்பு, ராகி களி, நீ பிடிக்கும் பீடிக் கட்டு, எல்லாம் வைத்தோம். எல்லாரும் அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வருஷமாக அடக்கி வைத்ததை இன்று கொட்டிவிடுகிறேன், கேட்டுக்கொள்.

சூளகிரியில் கம்பெனி ஷெட்டுக்குக் கூரை போடும்போது நான் விழுந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை என்று ஆன பிறகு, நீ நம்பிய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். சாப்பாடு. குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஆட்டுக்கால் வாங்கி வருவாய். "சூப்பு குடிடா, கால் எழும்பும்" என்பாய். எழும்பியது என் தொப்பைதான்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் அந்த பிசியோதெரபி பெண் எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள்? காலில் தசை வேலை செய்வதில்லை, உடம்புக்கு முன்போல் சாப்பாடு தேவைப்படாது, மிஞ்சியதெல்லாம் கொழுப்பாகத் தங்கிவிடும் என்றாள். எடை ஏறினால் படுக்கைப் புண் வரும், கையை ஊன்றிச் சக்கர நாற்காலிக்கு மாறவும் முடியாது. களியைக் குறைத்து முட்டை, பயறு, கீரை கொடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் என்றாள். "அர்த ஊட்டா சாக்கு, அப்பாஜி" என்று, பாதிச் சாப்பாடு போதும் என்பதைக் கன்னடத்திலும் ஒருமுறை சொன்னாள். லாரிக்கு மூட்டை ஏற்றிக் கர்நாடகம் முழுக்கக் கன்னடத்தில் சண்டை போட்ட உனக்கு, அன்றைக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது உருண்டையைத் தட்டில் வைத்தாய். வேண்டாம் என்றால் உன் முகம் சுருங்கிவிடும். "நான் இருக்கச்சொல்ல எம்புள்ள அரை வயிறா படுக்கணுமா?" உன் பாசத்தைக் கொட்ட என் வயிறுதான் கிடைத்ததா அப்பா? நானாகக் கையை ஊன்றி எழப் பழகினால், ஓடி வந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொள்வாய். தெருவே பார்க்கத் தூக்கிப் போய் வாசலில் உட்கார வைப்பாய். அதில் உனக்கு ஒரு பெருமை. முதுகுக்குக் கீழே புண் வந்து மாதக்கணக்கில் குப்புறக் கிடந்தேனே, அப்போதும் சூப்பு நிற்கவில்லை.

கடைசி நாளிலும் என்னைக் கட்டிலில் இறக்கிவிட்டுத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். தூக்கியதால் இல்லை, பழைய அடைப்பு என்றார் டாக்டர். நம்ப முயற்சி செய்கிறேன்.

நீ போன பிறகு இந்த உடம்பு யார் தலையில் விழுந்தது தெரியுமா? அண்ணனுக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. செல்வி அண்ணிதான் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு என்னை நாற்காலிக்கு மாற்றினார். அந்த ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதைக் கேட்டு ஒரு சின்ன உருண்டையோடு நிறுத்தியதும் அவர்தான். கொள்ளு, கீரை, முட்டை என்று தட்டே மாறிப்போனது. தக்காளி மண்டித் தராசில் என்னை நாற்காலியோடு ஏற்றி, பிறகு நாற்காலியை மட்டும் வைத்துக் கழித்துப் பார்ப்போம். "தக்காளி வெலைதான் எறங்குதுன்னா நீயும் எறங்கறியே" என்று மண்டிக்காரர் சிரிப்பார். இப்போது கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பலகையைப் போட்டால் பெரும்பாலும் நானே நகர்ந்துவிடுகிறேன். அண்ணி ஒரு கை கொடுத்தால் போதும்.

நேற்று ஊத்தங்கரையிலிருந்து வந்த உன் தங்கை, என் அத்தை, என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் இருக்கச்சொல்ல கொழுகொழுன்னு இருந்த புள்ள! ஏம்மா செல்வி, இவன் வயித்துக்குப் போடறியா இல்லியா?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. அண்ணி உள்ளே போய் இன்னொரு உருண்டை கொண்டுவந்து என் இலையில் வைத்தார்.

தின்றால், பாவம், பட்டினி கிடந்தவன் என்பார்கள். தள்ளினால், பயமுறுத்தி வைத்திருக்கிறாள் என்பார்கள். இரண்டிலும் அண்ணி பெயர்தான் கெடும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தை, எனக்குப் படுக்கணும். தூக்கிக் கட்டில்ல போடுங்க" என்றேன்.

அத்தை மாமாவைப் பார்த்தாள். "எனக்கு மூட்டு வலிப்பா" என்றார் மாமா. அவர்களுடைய மகன்கள் செல்போனைப் பார்த்தார்கள்.

"என்னைத் தூக்கறது அண்ணி. எவ்ளோ போடணும்னு தூக்கறவங்களுக்குத் தெரியும். நீங்க உங்க எலையப் பாருங்க."

அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் ஏறப் போய்விட்டாள். அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. அண்ணி அழுதுகொண்டே பாத்திரம் தேய்த்தார். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

ஆனால் அப்பா, அது அத்தைக்குச் சொன்னது மட்டுமில்லை. உனக்கும் சொன்னதுதான். நீ இருந்தவரை வாய் வரவில்லை, ஏனென்றால் அப்போது தூக்கியவன் நீ.

ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த படையலுக்குள் யார் கையும் படாமல் நாற்காலிக்கு மாறி, உன் படத்துக்கு முன்னால் வந்து நிற்பேன். நிற்பேன் என்றால் நாற்காலியோடுதான். அதைப் பார்த்துப் பெருமைப்படுவாயா, இல்லை, உன் கைக்கு வேலை இல்லையே என்று முகத்தைச் சுருக்குவாயா?

நீ கடைசியாகத் தூக்கிய
உன் சின்ன மகன்